பேட்டரிக் குழியில் ஒரு பொதி

அத்தியாயம் 14

“பேரு எழுதியாச்சா?”

“எழுதியாச்சு மாமி.”

“யாரு பேரு?”

“ஏலத்துல எடுத்தவரு பேரு. கிரஹாம், அடிலெய்டு. பணம் எந்த விலாசம் காட்டி வந்துதோ, அதே விலாசம்.”

“அப்பம் அந்த மக வீட்டு விலாசம்?”

“வேண்டாம்னு அவரே எழுதிட்டாரு. இன்னைக்குக் காலையில.”

மாமியார் இசபெல் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதாவே, ஒனக்கு ஒரு மெழுகுதிரி.”

போன வாரம் முழுக்க குளச்சலில் அந்த வீட்டுக்குள் இதுதான் பேச்சு. மண்டைக்காட்டில் ஒரு வீட்டு மூலையில் டி.வி.க்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த பழைய ஜப்பான் டூ-இன்-ஒன் பாட்டுப்பெட்டியை மருமகள் அஜிதா வாங்கிவந்தாள். அவள் புருஷன் ஜெனோ அதற்கு உயிர் கொடுத்தான். இணைய ஏலத்தில் போட்டார்கள். கடைசி நிமிஷத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ரிட்டயர்டு படகு மெக்கானிக் அதைத் தட்டிக்கொண்டு போனார். இதுவரை அவர்கள் விற்ற பன்னிரண்டில் இதற்குத்தான் பெரிய விலை.

பணத்தைக் கட்டிய கையோடு கிரஹாம் இரண்டு காரியம் கேட்டிருந்தார். பெட்டியைத் தன் வீட்டுக்கு அனுப்பாமல் நியூசிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, விலையைக் குறைத்துக் காட்ட வேண்டும்.

இரண்டுமே முடியாது என்று அஜிதா பதில் போட்டாள். பணம் வந்த விலாசத்தை விட்டுவிட்டு வேறு விலாசத்துக்கு அனுப்பினால், நாளைக்கே பெட்டி வரவில்லை என்று அவர் சொன்னாலும் ஏலக் கம்பெனி இவளுக்காகப் பேசாது. இரண்டு நாள் அங்கிருந்து பதில் இல்லை.

“ஒரு வரி மாத்தி எழுதினா என்னட்டி கொறஞ்சு போவும்?” என்று ஜெனோ குதித்தான்.

“எழுதியிருக்கது ஒண்ணு, உள்ள இருக்கது வேறொண்ணு. அப்படி விக்கிற கச்சவடம் நமக்கு வேண்டாம்” என்றாள் அஜிதா.

இன்று காலையில் பதில் வந்துவிட்டது. ‘நீங்கள் சொல்வது சரி. என் வீட்டுக்கே அனுப்புங்கள். மகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.’

சந்தோஷம்தான். ஆனால் காத்திருந்ததில் இரண்டு நாள் போய்விட்டது. பணம் வந்த மூன்று நாளைக்குள் பெட்டியைத் தபாலில் சேர்ப்போம் என்பது அஜிதா கொடுத்த வாக்கு. அந்த மூன்றாம் நாள் இன்று.

இன்றைக்கு இன்னொரு கெடுவும் இருந்தது.

ஜெனோ ஒன்பது வருஷம் தோஹாவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். வந்து எட்டு மாசம் ஆகிறது. பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது. அங்கே ஃபோர்மேனாக இருக்கும் தேங்காப்பட்டணம் மைதீன் கனி, ‘இன்னைக்கு ஆறு மணிக்குள்ள ஆமான்னு சொல்லு, இல்லன்னு சொல்லு’ என்று தகவல் அனுப்பியிருந்தார்.

“ஆறு மணிக்கு என்ன சொல்லப் போறிய?” என்று கேட்டாள் அஜிதா.

ஜெனோ பாட்டுப்பெட்டியின் முதுகுப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். பேட்டரியோடு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஆறு தடிப் பேட்டரிகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான்.

“பெட்டி போவட்டும். பிறகு சொல்லலாம்.”

“பெட்டி போவும். இது நல்லபடியா போய்ச் சேர்ந்தா, புது ஆளுன்னு நம்ம கணக்குல போட்டிருக்க கட்டு அவிழும். ஏலக் கம்பெனி பணத்தை இழுத்துப் பிடிக்க மாட்டாங்க.”

“பெட்டி போனா நான் தோஹாவுக்குப் போவல்ல. பேசினது பேசினதுதான்.”

அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேடுகிறான் என்று அஜிதா நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குள்ளும் ஒரு சங்கதி துள்ளிக்கொண்டிருந்தது. கிரஹாமின் கடிதத்துக்குக் கீழேயே ஒசாகாவிலிருந்து இன்னொன்று வந்திருந்தது. மார்கழியில் ஒரு பெரிய பெட்டி வாங்கிய மோரி என்பவர். கடை வைத்திருக்கிறாராம். மாசம் ஆறு பெட்டி தர முடியுமா, வருஷத்துக்கு ஒப்பந்தம் போடலாமா என்று கேட்டிருந்தார். கடைசியில் சம்பந்தமில்லாமல் ஒரு வரி: ‘அந்தச் சிறிய மீன் மிக நன்று. அதுவும் விற்பனைக்கு உண்டா?’

வேறு யாருக்கோ எழுதினதை இதில் சேர்த்துவிட்டார் என்று அஜிதா அந்த வரியைத் தள்ளிவிட்டாள். மற்றதை ஜெனோவிடம் சாயங்காலம் சொல்ல வேண்டும். பெட்டி போன பிறகு, அவன் ‘வரல்ல’ என்று தோஹாவுக்குச் சொன்ன பிறகு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

“ரெண்டு பேரும் தள்ளி மாறுங்க. பெட்டி கட்டது என் வேலை” என்று இசபெல் வந்து குந்தினாள்.

அதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. அவள் புருஷன் ஞானதாசன் இருபத்திரண்டு வருஷம் குவைத்தில் இருந்தார். பிறகு மகன் தோஹாவில். ஊரிலிருந்து யார் விமானம் ஏறினாலும் இசபெல் கட்டிய பெட்டி அவர்கள் கூடப் போகும். பாட்டில் ஊறுகாயைக் கட்டி அனுப்பி ஒரு சொட்டு சிந்தாதவள். பத்து வருஷத்துக்கு முன் ஞானதாசன் இறந்துபோனபோது, ‘இனி நான் யாருக்குப் பெட்டி கட்ட?’ என்றுதான் முதலில் அழுதாள்.

அஜிதா படிவம் அச்செடுக்க உள்ளே போனாள். ஜெனோ குளிக்கப் போனான். இசபெல் தெர்மோகோலை வெட்டி, குமிழி ஷீட்டைச் சுற்றி, பிளாஸ்டர் டேப் ஒட்டி முடித்தாள். மாடியிலிருந்து நெத்திலி காயும் வாடை வந்துகொண்டிருந்தது. இரண்டு வாரமாகக் காய்கிறது.

“இவ்வளவு கருவாடு யாருக்கு மாமி?” என்று அஜிதா நேற்றே கேட்டாள்.

“கடல் தருது, வெயில் காயுது. யாராவது வெளிநாடு போவாமலா இருப்பாங்க?” என்று சொல்லிவிட்டாள் இசபெல்.

பதினொரு மணிக்கு அஜிதா தக்கலை தபால் நிலையத்தில் நின்றாள். கவுண்டரில் ஓமனா.

“அஜிதா, இந்தத் தடவை எங்க?”

“ஆஸ்திரேலியாக்கா.”

“அம்மாடி! அவங்க ஒரு விதை, ஒரு வைக்கோல் துரும்புகூட உள்ள விட மாட்டாங்களே.”

“தெரியும்கா. லிஸ்ட் எடுத்து சுவர்ல ஒட்டி வச்சிருக்கேன். துரும்பு இல்ல, மரக்கட்டை இல்ல, திங்குற சாமானம் ஒண்ணும் இல்ல.”

ஓமனா எடை போட்டாள். “நீ எழுதினதைவிட கால் கிலோ கூடக் காட்டுதே.”

“மாமி தெர்மோகோலை வாரி அடைச்சிருப்பாங்க. மாத்தி எழுதிருதேன்.”

மாற்றி எழுதினாள். ‘உள்ளே இருப்பது: பழைய ரேடியோ கேசட் பிளேயர் ஒன்று. வேறு எதுவும் இல்லை. மேலே சொன்னது உண்மை’ என்று கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றே முக்கால். பசி.

இசபெல் சோறு போட்டு, மீன்கறி ஊற்றி, எதிரே உட்கார்ந்தாள். ஜெனோ இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“அந்த அடிலெய்டுகாரருக்கு வயசு என்ன இருக்கும் மக்ளே?”

“எழுபது இருக்கும். எதுக்கு மாமி?”

“பல்லு இருக்குமான்னு நெனச்சேன்.”

“பல்லா?”

“கருவாடு கடிக்கணுமே.”

அஜிதாவின் கை சோற்றில் நின்றது. “எந்தக் கருவாடு?”

“நம்ம நெத்தோலிதான். பேட்டரி வைக்க இடம் சும்மா கிடந்துது. ஒரு பொதி கச்சிதமா இருந்துது. வாசம் வெளிய வராது, ரெண்டு கவர்ல சுத்தியிருக்கேன்.”

ஜெனோவுக்குப் புரையேறியது.

“மாமி, எதுக்கு மாமி வச்சிய?”

“பின்ன? வெளிநாட்டுக்கு வெறும் பெட்டியா அனுப்புவாங்க? மாமாவுக்கு நான் அனுப்பின ஒரு பெட்டிகூட பொதி இல்லாம போனது இல்ல. அந்த மனுஷன் எவ்வளவு பணம் தந்து வாங்கியிருக்காரு. நம்ம வீட்டுல இருந்து வாய்க்கு ருசியா ஒண்ணு போவாண்டாமா?”

“சுவர்ல ஒட்டியிருந்தேனே!”

“அது இங்கிலீஷ்லல்லா இருக்கு.”

அஜிதாவுக்கு அப்போதுதான் ஒசாகா நினைவுக்கு வந்தது. “மார்கழியில ஜப்பானுக்குப் போச்சே, அதுலயும் வச்சியளா?”

“அதுலதானே முதல்ல வச்சேன். மத்ததெல்லாம் சின்ன ரேடியோ, குழி பத்தல்ல.”

“அம்மா, ஆஸ்திரேலியாவுல பெட்டியைப் பிரிச்சுப் பார்ப்பாங்க” என்றான் ஜெனோ. “இவ ஒண்ணும் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கா. கருவாடு கிடந்தா பெட்டியைப் பிடிச்சு வைப்பாங்க. மொத்தமா அழிச்சாலும் கேக்க முடியாது. கிரஹாம் பணத்தைத் திருப்பிக் கேப்பாரு, ஏலக் கம்பெனி இவ கணக்கைப் பூட்டிரும்.”

இசபெல்லின் முகம் சுருங்கிப்போனது. “ஒரு பொதி நெத்தோலிக்கா?”

“ஒரு பொதி நெத்தோலிக்கு.”

அஜிதா கை கழுவிவிட்டாள். “ஓமனாக்கா சொன்னாங்க, தபால் வண்டி மூணே முக்காலுக்குத்தான் எடுக்கும். அதுக்கு முன்னால அனுப்பினவங்க எழுதிக் கேட்டா திருப்பித் தருவாங்க. எழும்புங்க!”

ஜெனோ சட்டையை மாட்டினான். அப்போதுதான் இசபெல் திடுக்கென்று எழுந்து வாசலுக்கு ஓடிவந்தாள்.

“மக்ளே, நீ போவாண்டாம். ஜெனோ ஒத்தைக்குப் போயிட்டு வரட்டும்.”

“கையெழுத்து என்னுது மாமி. நான்தான் போகணும்.”

“அப்பம் பொதியை நீ எடுக்காண்டாம். கேட்டியா? ஜெனோ, பொதியை நீ எடு!”

கிழவிக்கு வெட்கம் என்று நினைத்தாள் அஜிதா. ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

“ஒங்க அம்மை!” என்றாள் நெய்யூர் தாண்டும்போது.

“என் அம்மைதான்.”

“பல்லு இருக்கான்னு கேக்காங்க!”

ஜெனோவின் முதுகு குலுங்கியது. அஜிதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திங்கள்சந்தையில் ஒரு மணல் லாரி குறுக்கே நின்று பத்து நிமிஷத்தைத் தின்றபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

“ஜெனோ, கிடைக்கல்லன்னா?”

“கிடைக்கும்.”

“கிடைக்கல்லன்னா நீங்க போயிருவியளா?”

அவன் ஹார்ன் அடித்தான்.

தபால் நிலையத்துக்குள் நுழைந்தபோது மூன்று மணி ஐந்து நிமிஷம். ஓமனா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

“என்ன அஜிதா, எதையாவது மறந்திட்டியா?”

“மறக்கல்லக்கா, கூடப் போயிட்டு. கால் கிலோ கூட இருக்குன்னு சொன்னியளே, அது தெர்மோகோல் இல்ல. நெத்தோலி.”

பின்னால் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

ஓமனா சிரிக்கவில்லை. அவளுக்குக் காரியம் புரிந்தது. “பையை இன்னும் கட்டல்ல. ரசீதைத் தா, ஐ.டி.யைத் தா, ஒரு பேப்பர்ல எழுதித் தா. எடுத்துத் தருகேன். ஆனா ஒண்ணு, திறக்கது என் முன்னால திறக்கணும். திரும்ப அனுப்பணும்னா புது ஃபாரம், புது ரசீது. மூணு நாப்பதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல.”

பெட்டி வந்தது. இசபெல் ஒட்டிய பிளாஸ்டரைப் பிரிக்க இரண்டு பேருக்கு எட்டு நிமிஷம் ஆனது.

“ஒங்க மாமியாருக்குத் தபால் ஆபீஸ்ல வேலை போட்டுக் குடுக்கலாம்” என்றாள் ஓமனா.

ஜெனோ பாட்டுப்பெட்டியைக் கவிழ்த்து மூடியைத் தள்ளினான். ஆறு பேட்டரி இருக்க வேண்டிய குழிக்குள், செய்துவைத்த மாதிரி, நீளமான பொதி ஒன்று கிடந்தது. அதை எடுத்தவன் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“தா, பாக்கட்டும்” என்றாள் ஓமனா. “என் முன்னால எடுக்கணும்னு சொன்னேன்லா? என்னன்னு பார்த்தாத்தானே நான் எழுத முடியும்.”

வேறு வழியில்லை. மேசையில் வைத்தான்.

கவர் மேல் நீல ஸ்கெட்ச் பேனாவால் பெரிய பெரிய எழுத்து. ஒருத்தர் கொண்டுபோகும் பெட்டியில் நாலு வீட்டுப் பொதி இருக்கும் என்பதால், யாருக்கு எது என்று மாறாமல் இருக்க இசபெல் எல்லாப் பொதியிலும் பேரும் ஊரும் எழுதுவாள். இது முப்பது வருஷப் பழக்கம்.

ஓமனா வாய்விட்டுப் படித்தாள். “அஜிதா, தோஹா.” நிமிர்ந்தாள். “ஏட்டி, நீ எப்பம் தோஹா போற? சொல்லவே இல்ல?”

அஜிதா பொதியைப் பார்த்தாள். ஜெனோவைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கும் யாரும் சொல்லலக்கா” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “மணி என்ன?”

“மூணு இருபத்தேழு.”

“ஃபாரம் தாங்க.”

அவள் குனிந்து எழுதினாள். ஜெனோ பெட்டியைக் கட்டினான். அனுப்புநர், பெறுநர், எடை, விலை. ஒரு எழுத்துகூட அடித்தல் இல்லை. ‘உள்ளே இருப்பது’ என்ற இடத்தில் மட்டும் பேனா ஒரு நிமிஷம் நின்றது.

“உள்ள வேற ஒண்ணும் இல்லல்லா?” என்று கேட்டாள் ஓமனா.

“பெட்டிக்குள்ள இல்லக்கா.”

எடை சரியாக இருந்தது. மூன்று முப்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது. ஏழு நிமிஷம் கழித்து சிவப்பு வண்டி அவர்களைத் தாண்டிக்கொண்டு வாசலை விட்டுப் போனது.

ஸ்கூட்டரை நிறுத்தியிருந்த வேப்பமரத்தடியில் பொதியும் கையுமாக நின்றாள் அஜிதா.

“எனக்கும் சேர்த்து எப்பம் கேட்டிய?”

“தைப்பொங்கலுக்கு முன்னால. அந்த ஜெர்மன்காரரு ரேடியோவைத் திருப்பி அனுப்பினாரே, நீ ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்த. அப்பம் மைதீன் காக்காகிட்ட கேட்டேன். வாறதா இருந்தா பொண்டாட்டியோடதான் வருவேன், குடியிருக்க குவார்ட்டர்ஸ் தரணும்னு. தர மாட்டாங்கன்னுதான் நெனச்சேன்.”

“தந்திட்டாங்களா?”

“ரெண்டு வாரம் ஆச்சு.”

“மாமிகிட்ட சொல்லியாச்சு. நெத்தோலி காய ஆரம்பிச்சாச்சு. எங்கிட்ட மட்டும் சொல்லல்ல.”

“அஜி, நீ இந்தப் பெட்டியில அவ்வளவு ஆசை வச்சிருந்த. இது போவுதா இல்லியான்னு தெரிஞ்ச பிறகு சொல்லலாம்னு...”

“எனக்க மேல ஒட்டுற ஃபாரத்துல என்ன எழுதி வச்சிருக்கிய?”

“என்ன?”

“அனுப்புறது அம்மையும் மகனும். போற இடம் தோஹா. உள்ள இருக்கது அஜிதா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மூடியைப் போடணும்னு ரெண்டு பேருக்கும் தோணல்லியா? நான் என்ன பார்சலா?”

ஜெனோ கெட்டவன் இல்லை. ஒன்பது வருஷம் எட்டுப் பேர் படுக்கும் அறையில் கிடந்து, போனிலேயே குடும்பம் நடத்தியவன். இனி ஒருமுறை அப்படிப் போகப் பயந்தவன். அந்தப் பயத்தைப் பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கப்பட்டவன். அதெல்லாம் அஜிதாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அழுகை வந்தது.

“சாவியைத் தாங்க. நான் ஓட்டுகேன்.”

குளச்சல் வரை எங்கும் நிறுத்தாமல் ஓட்டினாள்.

வீட்டில் இசபெல் நடு அறையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு வட்டாப் பாத்திரத்தில் பொதிகள். பாதியில் ஜெனோ பேர், பாதியில் அஜிதா பேர். அஜிதா கையிலிருந்த பொதியையும் அதிலேயே வைத்தாள்.

“பெட்டி போச்சா மக்ளே?”

“போச்சு மாமி.”

“ஆண்டவரே.” கிழவி மூக்கை உறிஞ்சினாள். “ஏசணும்னா ஏசு. மேல இருந்ததைக் கைக்கு வந்தபடி எடுத்திட்டேன், பேரைப் பாக்கல்ல.”

“பேரைப் பாக்காததுக்கு இல்ல மாமி. என்னையும் இவங்களையும் அனுப்பிட்டு, இங்க நீங்க என்ன செய்வதா நெனச்சிய?”

“என்ன செய்ய? கிடப்பேன். கிடக்காத கிடையா?” இசபெல் ஒரு பொதியின் முடிச்சைத் தடவினாள். “இருபத்திரண்டு வருஷத்துல எனக்க மாப்பிள்ளை எனக்க கூட இருந்தது ரெண்டு வருஷம் வராது, எண்ணிப் பார்த்திருக்கேன். இவன் பொறந்தது அவருக்குக் கடுதாசில தெரியும். பல்லு முளைச்சது கடுதாசில தெரியும். அவரு சாவதுக்கு வந்தாரு, வாழ்வதுக்கு வரல்ல. இவன் திரும்பப் போறதா இருந்தா ஒன்னையும் கூட்டிட்டுப் போன்னு நான்தான் சொன்னேன். அடி, எனக்குப் பொதி கட்டத் தெரியும். அந்தப் பிழைப்பு ஒனக்கு வேண்டாம்னுதான் கட்டினேன்.”

அஜிதா கீழே, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பொதியாக எடுத்துப் பேர் படித்து அடுக்கினாள்.

“நானும் ஒண்ணு மறைச்சிட்டேன்” என்றாள்.

ஒசாகா கடிதத்தைப் படித்துக் காட்டினாள். மாசம் ஆறு பெட்டி. ஒரு வருஷம்.

ஜெனோ எழுந்தேவிட்டான். “எப்பம் வந்துது இது?”

“காலையில.”

“காலையிலயா? நான் பேட்டரி கழட்டிட்டு இருக்கும்போ? பாரும்மா இவளை! எனக்கு மட்டும் உபதேசம். நீயும் ஃபாரத்துல எழுதல்லியே!”

“எழுதல்லதான். சாயங்காலம் சொல்லலாம்னு...”

“நானும் அதைத்தானே சொன்னேன்!”

இசபெல்லுக்கு வேறு இடத்தில் கண். “அந்தக் கடைசி வரியை இன்னொருக்கா வாசி மக்ளே.”

“‘அந்தச் சிறிய மீன் மிக நன்று. அதுவும் விற்பனைக்கு உண்டா?’”

“பாத்தியளா!” கிழவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எனக்க நெத்தோலியைக் கேக்கான். அவனுக்குப் பல்லு இருக்கு.”

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஜெனோவின் போன் அடித்தது. மைதீன் கனி. மணி ஆறு.

ஜெனோ போனை அஜிதாவிடம் நீட்டினான். “நீ சொல்லு. ஆமாவோ இல்லியோ, நீ சொல்லுகதுதான்.”

அவள் வாங்கினாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு வட்டாவின் விளிம்பில் வைத்தாள்.

“காக்கா, நான் அஜிதா பேசுகேன்.”

“ஆ, தங்கச்சி! ஜெனோ எங்க? ஆமாவா இல்லியா?”

“எனக்கு இன்னைக்குத்தான் தெரியும் காக்கா. மூணு நாள் வேணும். எங்ககிட்ட சாமானம் வாங்குறவங்களுக்கு நாங்க மூணு நாளு கெடு சொல்லுவோம். அதுக்கு மேல ஒரு மணிக்கூர் கேக்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் வண்டி இரைச்சல்.

“செரி, மூணு நாள். முதலாளிகிட்ட நான் பேசுகேன். ஆனா தங்கச்சி, ஒரு காரியம். மூணு பேருக்கு உள்ள ஃபாரம்னதுனால போட்டோவும் மூணு வேணும். ஜெனோ ரெண்டுதான் அனுப்பியிருக்கான்.”

“மூணு பேரா?”

“ஆமா. அவன், நீ, அவன் உம்மா. முதல்லயே அப்படித்தானே எழுதித் தந்தான்? உம்மாவை விட்டுட்டு வர மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னான்லா. அவங்களுக்குத் தெரியாதா?”

லைன் கட்டாகிவிட்டது.

இசபெல் மகனைப் பார்த்தாள். பிறகு வட்டாவில் இரண்டு பேரின் பேர் மட்டும் எழுதியிருந்த பொதிகளைப் பார்த்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயருகில் கொண்டுபோனாள்.

“ஏலே ஜெனோ,” என்றாள் மெல்ல. “நானும் அங்க வந்திட்டா, இங்க இருந்து பொதி யாருலே அனுப்புவா?”